கல்நெஞ்சுக்குச் சட்டத்தில் தண்டனை உண்டா?



இம்முறை ஒரு சகோதரியின் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஜொகூரில் ஒரு சிறிய டவுன் என்பது மட்டும் போதும். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியானபோது, கணவருக்குக் கிடைத்த தொகையையும் ஊழியர் சேமநிதியில் எடுத்த பணத்தையும் போட்டு, டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம் ஒரு முறை, மறுபடியும் மூன்று ஆண்டு. ஆறாவது ஆண்டு முடியப் போகிறது. மாத வாடகை 1,800 ரிங்கிட். இனி 3,000 வேண்டும் என்கிறார் உரிமையாளர். அதோடு இன்னொரு தாளும் நீட்டுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூரை ஒழுகியபோது, "நீங்களே பழுதுபார்த்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பிறகு தருகிறேன்" என்று அவர் வாயால் சொன்னதை நம்பி, இவர்கள் 4,200 ரிங்கிட் செலவழித்தார்கள். அந்தப் பணத்தை இனிக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் புது ஒப்பந்தமாம்.

"கடையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எங்கே போவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், டீச்சர். மனச்சாட்சியே இல்லாத இந்தச் செயலுக்குச் சட்டத்தில் தண்டனை கிடையாதா? கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறார்.

நான் சட்டம் படித்தவள் அல்லள். பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் சொல்லிக் கொடுப்பவள். ஆனால் தோட்டப் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதும், பதில் எழுதிக் கொடுப்பதும் இரண்டாவது தொழில். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முடிவெடுக்குமுன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

"மனச்சாட்சி இல்லாதவன்" என்று நாம் சொல்லும்போது, கடுமையாக நடந்துகொள்பவன், பேராசைக்காரன், இரக்கமில்லாதவன் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். சட்டத்திலும் "மனச்சாட்சிக்கு விரோதமான நடத்தை" என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பழைய நீதிமன்றங்களில் பிறந்த கருத்து அது. ஆனால் சட்டம் அந்தச் சொல்லை நம்மைப்போல் தாராளமாகப் பயன்படுத்துவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கடை வாடகைத் தகராறுகளில் இந்தக் கருத்தை அதிகமாக உரசிப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. ஆகவே சற்று நேரம் அங்கே போய் வருவோம். அந்த நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்கே நடந்தது நமக்கு நல்ல பாடம்.

முதலில், கடையோடு சம்பந்தமில்லாத ஒரு வழக்கு. 1983-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த அமாடியோ வழக்கு அது. இத்தாலியிலிருந்து குடியேறிய வயதான கணவனும் மனைவியும், மகனுடைய கம்பெனிக் கடனுக்காகத் தங்கள் கட்டடத்தை வங்கிக்கு ஈடு வைத்துக் கையெழுத்திட்டார்கள். ஆங்கிலம் அவர்களுக்குச் சரியாக வராது. 50,000 வெள்ளிக்கு மட்டும், ஆறு மாதத்திற்கு மட்டும் பொறுப்பு என்று நினைத்தார்கள். தாளில் அப்படி எந்த வரம்பும் இல்லை. மகனுடைய கம்பெனி தள்ளாடுவது வங்கிக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. வங்கியும் வாய் திறக்கவில்லை. நீதிமன்றம் அந்த ஈட்டுப் பத்திரத்தையே ரத்துச் செய்தது.

அங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, தன் நன்மையைத் தானே எடைபோட்டுப் பார்க்க இயலாத தனிப்பட்ட பலவீனம் ஒருவரிடம் இருந்தது. இரண்டு, அது எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தது. மூன்று, தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டது. மூன்றும் சேர்ந்தால்தான் நீதிமன்றத்தின் கதவு திறக்கும்.

பெர்த் நகரத்து மீன்கடை

இப்போது கடைக்கு வருவோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஒரு சிறிய கடைத்தொகுதியில் கணவனும் மனைவியும் மீன்கடை நடத்தினார்கள். வாடகையோடு சேர்த்து வாங்கிய மற்றக் கட்டணங்களில் அதிகம் பிடித்துவிட்டார்கள் என்று உரிமையாளர்கள்மேல் அவர்களுக்கும் மற்றச் சில கடைக்காரர்களுக்கும் வழக்கு இருந்தது. அந்த வேளையில் அவர்களுடைய மகளுக்கு மூளை அழற்சி நோய். பிள்ளையைக் கவனிக்கக் கடையை விற்றாக வேண்டும். ஆனால் குத்தகைக் காலமோ முடியும் தறுவாயில் இருந்தது. குத்தகை இல்லாத கடையை யார் வாங்குவார்? உரிமையாளர்கள் சொன்னார்கள்: "புதுக் குத்தகை தருகிறோம். எங்கள்மேல் உள்ள வழக்கை விட்டுவிடுங்கள்."

பெற்ற மனம் வேறென்ன செய்யும்? எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நம் சகோதரியின் கதையை அப்படியே பார்ப்பதுபோல் இருக்கிறது அல்லவா? அந்நாட்டின் போட்டி, பயனீட்டாளர் ஆணையமே அந்தத் தம்பதியருக்காக வழக்குத் தொடுத்தது. பெர்பேட்டிஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். முதல் நீதிபதி தம்பதியர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் அது புரண்டது. 2003-இல் உயர் நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் உரிமையாளர் பக்கமும் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமும் நின்றார்கள். தம்பதியர் பக்கம் தோற்றது.

ஏன் தோற்றது? குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை அவர்களுடைய ஒப்பந்தத்தில் இல்லை. உரிமையாளர்கள் புதுக் குத்தகை தராமலே இருந்திருக்கலாம். அது அவர்கள் இஷ்டம். தம்பதியர் எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று தெரிந்தவர்கள். வழக்கறிஞர் ஆலோசனையும் கிடைத்தது. இக்கட்டில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் இக்கட்டில் இருப்பது வேறு. தீர்மானிக்கும் திறனே இல்லாமல் இருப்பது வேறு. தனக்குள்ள பலத்தை வைத்துக் கடுமையாகப் பேரம் பேசுவது மட்டுமே சட்டத்தின் கண்ணில் குற்றமாகாது. பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்.

படித்தபோது எனக்கு மனம் கசந்தது. ஆனாலும் உண்மையை மறைப்பதில் பயனில்லை. கல்நெஞ்சு என்பதற்காக மட்டும் சட்டம் ஒருவரைத் தண்டிப்பதில்லை.

எப்போது வெல்லலாம்?

அப்படியானால் கடைக்காரர் வென்றதே இல்லையா? உண்டு.

மீன்கடைச் சம்பவம் நடந்த சிறிது காலத்திற்குப் பின், 1998-இல், சிறு வியாபாரிகளுக்காக ஆஸ்திரேலியச் சட்டத்தில் இன்னும் விரிவான ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இரு தரப்பின் பேரம் பேசும் பலம் எப்படி இருந்தது, தாளில் உள்ளது கையெழுத்திட்டவருக்குப் புரிந்ததா, நெருக்கடியோ குறுக்கு வழியோ கையாளப்பட்டதா, தம் நலனைக் காக்க உண்மையில் தேவையில்லாத நிபந்தனைகளை வலியவர் திணித்தாரா, நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டாரா என்பன போன்றவற்றை நீதிமன்றம் எடைபோடலாம் என்று வழி வகுத்தார்கள். இன்று அது அந்நாட்டுப் பயனீட்டாளர் சட்டத்தின் பகுதியாக இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்கள் தங்கள் கடைக் குத்தகைச் சட்டங்களிலும் இதுபோன்ற விதியை வைத்திருக்கின்றன.

அந்தப் புதுப் பிரிவின்கீழ் எழுந்த தொடக்ககால வழக்குகளில் ஒன்று அடிலெய்ட் நகரத்து உணவங்காடி பற்றியது. ஒரு கடைக்காரருக்கு இன்னின்ன உணவு வகைகள் அவருக்கே உரியவை என்று ஒப்பந்தம் இருந்தது. உரிமையாளர் நிறுவனம் அதே உணவுகளை வேறொரு கடை விற்க இடம் கொடுத்தது. போதாக்குறைக்கு, இவர் தம் உணவை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்னதுபோல்! இது மனச்சாட்சிக்கு விரோதமான நடத்தை என்ற நீதிமன்ற ஆணைக்கு, 1999-இல், அந்த நிறுவனமே இசைந்தது.

மெல்பர்ன் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றின் உரிமையாளர் நிறுவனம் மீதும் வழக்கு வந்தது. ஆங்கிலம் அதிகம் அறியாத சிறு வியாபாரிகளிடம் குத்தகைப் பேச்சில் நெருக்கடி கொடுத்தது என்பது புகார். 2009-இல் நீதிமன்றம், அவர்களில் சிலர் விஷயத்தில் நிறுவனம் வரம்பு மீறியது என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த வழக்குகளையும் மீன்கடை வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வென்றவர்கள் "வாடகை அதிகம்" என்று மட்டும் சொல்லி வெல்லவில்லை. கொடுத்த வாக்கை மீறியது, புரியாதவரை நெருக்கியது, தேவையற்ற கட்டளை போட்டது என்று எதிர்த்தரப்பின் நடத்தையைக் காட்டி வென்றார்கள். அதைக் காட்ட அவர்களிடம் ஆதாரமும் இருந்தது.

நம் வீட்டு நிலவரம்

நம் அண்டை வீடான சிங்கப்பூர், கோவிட் காலத்துக் கடை வாடகைச் சச்சரவுகளுக்குப் பின் விழித்துக்கொண்டது. 2021-இல் கடைக் குத்தகைக்கு ஒரு நடத்தை நெறி வந்தது. பிறகு 2023-இல் அதற்கென்று சட்டமே இயற்றி, 2024 பிப்ரவரி 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அந்த நாளிலிருந்து செய்யப்படும், ஓராண்டுக்கு மேற்பட்ட கடைக் குத்தகைகளுக்கு அது பொருந்தும். நிலையான வாடகை ஒன்று, விற்பனையில் பங்கு இன்னொன்று, இரண்டில் எது அதிகமோ அதைக் கொடு என்ற பழைய கணக்கு அந்த நெறிப்படி கூடாது. காலம் முழுவதும் ஒரே கணக்குமுறை வேண்டும். நெறி மீறப்பட்டதாகத் தகராறு வந்தால் சமரச மையத்தில் பேசித் தீர்க்க வழி உண்டு. சிங்கப்பூர் வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் கடைக் குத்தகைக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. போருக்கு முந்திய பழைய கட்டடங்களுக்கு ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. பினாங்கு வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது 1997-இல் ரத்தாகி, 1999 கடைசியோடு மாற்றக் காலமும் முடிந்தது. இன்று வாடகையை ஒப்பந்தமும் சந்தையும்தான் தீர்மானிக்கின்றன.

ஆனாலும் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பலவந்தத்தாலோ தகாத செல்வாக்காலோ வாங்கிய சம்மதத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். 2001-இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நில விற்பனை வழக்கில், மனச்சாட்சிக்கு விரோதமான பேரம் என்ற கருத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் வெறும் வாடகை உயர்வை இதற்குள் அடக்குவது மிகக் கடினம்.

இன்னொன்று. வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் கடையில் இருந்தால், நீதிமன்றம் போகாமல் உரிமையாளர் தாமாகவே அவரை வெளியேற்றக் கூடாது. இரவோடு இரவாகப் பூட்டு மாட்டுவது சட்டப்படியான வழி அன்று. இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நகரவே மாட்டோம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காலம் முடிந்தும் அனுமதியில்லாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்கவும் உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வொரு மாதமும் கடன் ஏறும்.

சகோதரிக்கு என் பதில்

அம்மா, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வழக்குப் போடலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தெரிந்தே எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எவ்வளவு அரிது என்பதைத்தான் மீன்கடை நமக்குச் சொல்கிறது. உங்கள் பலம் கையெழுத்துக்கு முன்னால்தான் இருக்கிறது.

அந்தத் தாளைக் கல்லாவில் நின்றபடி வாங்கிக் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு வாரம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். கூரைக் கணக்கையும் புது வாடகையையும் இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். பழுதுபார்த்த ரசீது, கூரைக்காரர் கொடுத்த பில், உரிமையாளரோடு பேசிய கைத்தொலைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போடுங்கள். உங்கள் வரிசையில் உள்ள மற்றக் கடைகள் என்ன வாடகை கொடுக்கின்றன என்று விசாரியுங்கள். மற்றவர்கள் 2,200 கொடுக்கும் இடத்தில் உங்களிடம் 3,000 கேட்டால், பேச ஒரு பிடி கிடைக்கும். எல்லோரும் 2,900 கொடுத்தால், கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள்.

அந்த வேளையிலேயே, பக்கத்துத் தெருவில் வேறு கடை உண்டா என்றும் பாருங்கள். போக இடம் இருப்பவரிடம் பேசும் குரலே வேறு. எல்லாம் பார்த்த பிறகு, 4,200 ரிங்கிட்டை விட்டுக்கொடுத்தாலும் இந்த இடம் லாபம்தான் என்று தோன்றினால், விட்டுக்கொடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு விட்டுக்கொடுங்கள். அதற்கு ஈடாக வாடகையில் ஒரு குறைப்பையோ, நீண்ட காலத்தையோ கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கடை எடுப்பவர்களுக்கு

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். புதுக் கடை எடுக்கும் பிள்ளைகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. புதுப்பிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "வாடகை அப்போது பேசிக்கொள்ளப்படும்" என்று மட்டும் இருந்தால் அது பலவீனமான உரிமை. இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏறாது என்று வரம்பு வையுங்கள். மீன்கடைத் தம்பதியரிடம் இல்லாமல் போனது இந்த உரிமைதான்.

2. கூரை, குழாய், மின்கம்பி பழுதானால் யார் செலவு என்று எழுதுங்கள். வாய்ச்சொல்லை அன்றைக்கே ஒரு கைத்தொலைபேசிச் செய்தியாக அனுப்பி, "நீங்கள் சொன்னபடி" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

3. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதத்தோடு அலைய வேண்டும்.

4. தீபகற்ப மலேசியாவில் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகையையும் நிலப் பட்டாவில் குறிப்பாக ஏற்ற வழி உண்டு. ஏற்றிவிட்டால், நடுவில் கட்டடம் கைமாறினாலும் புது உரிமையாளர் உங்களை உடனே கிளப்ப முடியாது. உரிமையாளரின் ஒத்துழைப்போடு செய்வதே எளிது என்பதால், முன்பணம் கொடுக்குமுன் இதைப் பேசிவிடுங்கள்.

5. சாவி வாங்கும் நாளில் கடையைச் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள். திரும்பக் கொடுக்கும் நாளில் முன்பணத்தைக் காப்பாற்ற அது உதவும்.

6. புரியாத மொழியில் உள்ள தாளுக்குத் தலையாட்டாதீர்கள். வீட்டில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை இருந்தால் உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் போதவில்லையென்றால் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சில நூறு ரிங்கிட்டை வீண் செலவென்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, சாவியை மறு கையில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மவர்களில் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்து டவுனில் கடைவீடு வாங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. வங்கிக் கடன் கட்ட வேண்டும், வாடகையை ஏற்ற வேண்டும் என்பதில் தவறில்லை. அதை ஆறு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லுங்கள். பட்ட கடனையும் புது ஒப்பந்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சட்டம் தொடாத இடங்கள் எவ்வளவோ உண்டு என்பதை மேலே பார்த்தோம். அந்த இடங்களில் எப்படி நடந்துகொள்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஆறு ஆண்டு தவறாமல் வாடகை கொடுத்த குடும்பத்தை விரட்டிவிட்டு, ஆறு மாதம் கடையைக் காலியாகப் பூட்டி வைத்திருக்கும் உரிமையாளர்களை நான் எங்கள் டவுனிலேயே பார்க்கிறேன். அதில் யாருக்கு லாபம்?

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். அதற்குள் உங்கள் பெட்டியில் கிடக்கும் வாடகை ஒப்பந்தத்தை ஒரு முறை எடுத்து, முடியும் தேதி என்ன, புதுப்பிக்கும் உரிமை உண்டா என்று மட்டுமாவது பார்த்து வையுங்கள்.